காதால் கற்கும் எழுத்து

உரிமத் தேர்வுக்கு விண்ணப்பம் போடும்போதே ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிச் சான்றிதழ் இரண்டு தரங்களில் கிடைக்கிறது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு எழுத்துத் தேர்வு போதும், மோர்ஸ் வேண்டாம். ஜெனரல் கிரேடு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸைக் கேட்டு எழுதவும் வேண்டும், கீயில் அனுப்பவும் வேண்டும். 12 வயது நிரம்பியிருந்தால் போதும், எவரும் எழுதலாம். முதல் தரத்தில் தேறியவரின் அழைப்புக்குறி வியு3 என்று தொடங்கும். அடுத்ததில் தேறியவருடையது வியு2.

இந்த இடத்தில் பலர் சுலபமான பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியும் நியாயமானதுதான். 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்க மோர்ஸ் கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தி, முடிவை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டது. அமெரிக்கா 2007-இல் மோர்ஸ் தேர்வையே கைவிட்டது. கப்பல்கள் 1999-இல் புதிய அபாய அறிவிப்பு முறைக்கு முழுவதுமாக மாறிவிட்டன. 2013 ஜூலையில் இந்தியாவின் தந்திச் சேவையும் நின்றது. பிறகு இதை ஏன் உட்கார்ந்து கற்க வேண்டும்?

எந்தத் தரத்துக்கு விண்ணப்பித்தாலும் மோர்ஸைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். குரல் போய்ச்சேர எஸ்.எஸ்.பி. முறையில் ஏறக்குறைய 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஒரு மோர்ஸ் சமிக்ஞை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடுகிறது. ரிசீவரின் வடிகட்டியை அந்த அளவுக்குக் குறுக்கிவிட்டால் இரைச்சலின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். அதனால்தான் 5 வாட் சக்தியும் இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய ஒரு கம்பியும் வைத்திருப்பவரால் கடல் கடந்து பேச முடிகிறது. மோர்ஸ் டிரான்ஸ்மிட்டரின் சுற்றும் எளியது. சால்டரிங் தெரிந்த கல்லூரி மாணவர் தானே செய்துவிடலாம். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, மோர்ஸ் உங்களைக் கேட்கப் பழக்குகிறது என்பதுதான். கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல ஹாம். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதே.

குறியீடு என்பது காலக் கணக்கு

அச்சில் பார்த்தால் மோர்ஸ் புள்ளியும் கோடுமாகத் தெரியும். அலையில் அது காலம் மட்டுமே. ஒரு புள்ளிக்கு ஒரு மாத்திரை என்று வைத்துக்கொண்டால் கோட்டுக்கு மூன்று மாத்திரை. ஒரே எழுத்தின் உறுப்புகளுக்கு நடுவே ஒரு மாத்திரை மௌனம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. ஒலியைப் போலவே மௌனத்துக்கும் அளவு உண்டு என்பதைக் கவனியுங்கள். புதியவர்களின் அனுப்பலைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த மௌனங்கள் குலைவதுதான்.

வேகத்தை அளக்க 'பாரிஸ்' என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் சொல் இடைவெளியையும் சேர்த்தால் அது சரியாக 50 மாத்திரை. நிமிடத்துக்கு 8 சொல் என்றால் 400 மாத்திரை. அப்போது ஒரு புள்ளியின் நீளம் 150 மில்லிசெகண்ட். 20 சொல் வேகத்தில் அதுவே 60 மில்லிசெகண்டாகச் சுருங்கும். 1200-ஐ வேகத்தால் வகுத்தால் புள்ளியின் நீளம் கிடைத்துவிடும்.

ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 'இ' என்ற எழுத்துக்கு ஒரே புள்ளி, 'டி' என்ற எழுத்துக்கு ஒரே கோடு. சாமுவேல் மோர்ஸுடன் உழைத்த ஆல்ஃபிரட் வெய்ல், அச்சுக்கூடத்தில் எந்த எழுத்து எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்து இப்படி அமைத்தார் என்று சொல்வார்கள். இன்று உலகம் பயன்படுத்தும் வடிவம், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் கெர்க்கே 1848-இல் அதைத் திருத்தியமைத்ததிலிருந்து வந்தது.

அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள்

கற்க ஆரம்பிப்பவர் முதலில் செய்வது, புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையை அச்செடுத்து மனப்பாடம் செய்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கண்ணால் கற்றவர் ஒலியைக் கேட்டதும் முதலில் புள்ளிகளை எண்ணுகிறார், பிறகு மனத்திலுள்ள அட்டவணையில் தேடுகிறார், அதன் பிறகே எழுத்துக்கு வருகிறார். 5 சொல் வேகத்தில் இந்த மூன்று வேலைக்கும் நேரம் இருக்கும். 10 சொல்லை நெருங்கும்போது இருக்காது. அந்த இடத்தில் முட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நின்று, 'எனக்கு மோர்ஸ் வராது' என்று விட்டுவிடுகிறார்கள். தவறான வாசல் வழியாக நுழைந்ததுதான் காரணம். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எழுத்தை ஒலியாகவே வாங்க வேண்டும். புள்ளியை 'டி' என்றும், எழுத்தின் கடைசியில் வரும்போது 'டிட்' என்றும், கோட்டை 'டா' என்றும் வாயால் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். 'கே' என்ற எழுத்து டா-டி-டா. 'சி' டா-டி-டா-டிட். 'க்யூ' டா-டா-டி-டா. மிருதங்கம் கற்பவர் தோலில் கை வைக்கும் முன் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதைப் போல, நீங்களும் கீயைத் தொடும் முன் இவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளில் உள்ள ஆங்கில எழுத்துகளை முணுமுணுக்கலாம். ஒரு கட்டத்தில் டா-டி-டா என்று கேட்டவுடன் கை தானாக 'கே' எழுதும். நடுவில் எண்ணம் எதுவும் இருக்காது.

1930-களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் ஒரு முறையை வகுத்தார். முதல் நாளிலிருந்தே எழுத்துகளை முழு வேகத்தில் கேட்க வேண்டும். ஆனால் இரண்டே எழுத்துகளை மட்டும். பத்தில் ஒன்பதைச் சரியாக எழுதத் தொடங்கியதும் மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். மறுபடி அதே அளவுக்கு வந்ததும் நான்காவது. இன்றைய பயிற்சிச் செயலிகளில் பலவும் இந்த வழியில்தான் நடக்கின்றன. 'கே', 'எம்' என்ற இரண்டில் தொடங்குகின்றன. அமெரிக்க ஹாம் ஆபரேட்டர் ரஸ் ஃபார்ன்ஸ்வொர்த்தின் பெயரால் வழங்கும் இன்னொரு உத்தியும் உண்டு. எழுத்தை 18 அல்லது 20 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு நடுவிலுள்ள மௌனத்தை மட்டும் நீட்டுவது. எழுத்தின் உருவம் குலையாது. யோசிக்க அவகாசமும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தே பழகுங்கள் என்பேன். செயலியில் எழுத்து வேகத்தை 20 என்றும் மொத்த வேகத்தை 8 என்றும் வையுங்கள். தொனியை 600 முதல் 700 ஹெர்ட்ஸுக்குள் உங்கள் காதுக்கு இதமான இடத்தில் நிறுத்துங்கள். தேறத் தேற இடைவெளியைக் குறையுங்கள். எழுத்தின் வேகத்தைத் தொடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்பது நிச்சயமாகப் பலன் தரும். களைத்த காது எதையும் வாங்காது. கேட்கும்போது சின்ன எழுத்தில், கூட்டெழுத்தாக எழுதுங்கள். பெரிய எழுத்துகளுக்கு ஒவ்வொரு முறையும் பேனாவைத் தூக்க வேண்டிவரும்.

இப்போது சொல்லப்போவதை இந்த நூலில் வேறு எதை மறந்தாலும் மறக்காதீர்கள். ஓர் எழுத்து தவறிவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடுங்கள். போன எழுத்து என்னவென்று யோசிக்கும் அரை நொடியில் இன்னும் இரண்டு போய்விடும். அந்தப் பதற்றத்தில் நான்கு. தேர்வில் தோற்பவர்கள் தோற்பது தெரியாத எழுத்துகளால் அல்ல; தெரிந்த ஓர் எழுத்தைத் தவறவிட்டு அதையே துரத்திக்கொண்டு போவதால். விடப் பழகுவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். வேண்டுமென்றே இரண்டு சொல் வேகத்தைக் கூட்டி வைத்து, தவறுவதைத் தவறவிட்டுக்கொண்டே எழுதிப் பாருங்கள்.

'எஸ்' மூன்று புள்ளி, 'ஹெச்' நான்கு, எண் 5 ஐந்து. இந்த மூன்றும் எல்லோரையும் குழப்பும். எண்ணிப் பிரிக்க முயலாமல், மூன்றை மட்டும் கலந்து ஒலிக்கவிட்டு ஒரு வாரம் கேளுங்கள். நீள வேறுபாடு காதில் தானாகப் பதியும்.

தேர்வுக்குப் போகிறவர்கள் கடைசிப் பத்து நாள்களில் ஒரு மாற்றம் செய்துகொள்ள வேண்டும். தேர்வு அறையில் எழுத்துகளே 8 சொல் வேகத்தில் இழுத்து இழுத்து வரக்கூடும். வேக எழுத்துக்குப் பழகிய காதுக்கு அது அந்நியமாக ஒலிக்கும். அந்த மெதுவான வடிவத்தையும் தினம் சிறிது கேட்டுவிட்டுப் போங்கள்.

கை

கேட்டு வாங்குவதில் பாதியாவது தேறிய பிறகே கீயை வாங்குங்கள். காதில் சரியான உருவம் ஏறாதவரின் கை, தவறான உருவத்தையே பழகிக்கொள்ளும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

தேர்வுக்கும் தொடக்கத்துக்கும் சாதாரண ஸ்ட்ரெயிட் கீ போதும். மேசை விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி அதை அசையாமல் பொருத்துங்கள். முழங்கை மேசையில் ஓய்வாக இருக்கட்டும். கட்டை விரலும் நடுவிரலும் குமிழின் பக்கங்களைத் தொட, ஆள்காட்டி விரல் மேலே இருக்க வேண்டும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். விரல் நுனியால் தட்டினால் சீக்கிரம் வலிக்கும், ஒழுங்கும் வராது. ஒரு 555 ஐ.சி.யும் சிறு ஒலிபெருக்கியும் இருந்தால் பயிற்சிக்கான ஒலிப்பானை நீங்களே செய்துவிடலாம். அனுப்பியதைக் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்டு எழுதிப் பாருங்கள். உங்களுக்கே புரியாத இடங்கள் எதிரில் இருப்பவருக்கும் புரியாது.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். எல்லாவற்றையும் நிதானமாக அனுப்புகிறவர்கள்கூடத் தங்கள் அழைப்புக்குறி வந்ததும் ஓடிவிடுகிறார்கள். அனுப்பி அனுப்பிப் பழகியது என்பதால் கை விரைகிறது. எதிரில் இருப்பவருக்கோ இதுவரை கேட்டறியாத ஒரே பகுதி அதுதான். அங்கேதான் மிக நிதானம் வேண்டும்.

அலைக்கு வந்த பிறகு

உரிமம் இல்லாமல் அலைபரப்புவது குற்றம். ஆனால் காத்திருக்கும் மாதங்கள் வீணாக வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் உள்ளதைப் போன்ற இணைய ரிசீவர்கள் வழியாக வீட்டிலிருந்தே ஹாம் அலைவரிசைகளைக் கேட்கலாம். 7 மெகாஹெர்ட்ஸிலும் 14 மெகாஹெர்ட்ஸிலும் பட்டையின் கீழ்ப்பகுதிதான் மோர்ஸுக்குரிய இடம். 7-இல் பகலில் சில நூறு கிலோமீட்டர் எட்டும், இரவில் தூரம் விரியும். 14-இல் பகலிலும் மாலையிலும் கண்டங்கள் கேட்கும். எங்கெங்கே வழி திறந்திருக்கிறது என்று அறிய 14.100 மெகாஹெர்ட்ஸில் காத்திருங்கள். உலகெங்கும் பரவிய 18 குறிப்பலை நிலையங்கள் அங்கே முறை வைத்து ஒலிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி, ஒரு சுற்று மூன்று நிமிடம். இலங்கையின் 4எஸ்7பி அவற்றில் ஒன்று. அழைப்புக்குறி 22 சொல் வேகத்தில் வரும். அதன் பின் நான்கு நீண்ட கோடுகள். முதல் கோட்டுக்கு 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசியாக 0.1. நான்காவது கோடும் உங்கள் காதில் விழுந்தால், உங்கள் 5 வாட் அங்கே தாராளமாகப் போய்ச்சேரும்.

அலைபரப்பத் தொடங்கும்போது, காலியாகத் தெரியும் அலைவரிசை காலியானதென்று நம்பிவிடாதீர்கள். உரையாடுகிற இருவரில் ஒருவரை மட்டும் உங்கள் ஆன்டெனா கேட்காமல் இருக்கலாம். அவர் பேசும் நேரம் உங்களுக்கு வெறும் மௌனம். ஆகவே ஒரு நிமிடமாவது கேளுங்கள். பிறகு 'க்யூ.ஆர்.எல்.' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள். அதற்கு 'இங்கே யாராவது இருக்கிறீர்களா' என்று பொருள். சில நொடி பொறுத்து இன்னொரு முறை. பதில் இல்லையென்றால் மட்டுமே 'சி.க்யூ.' (எல்லோருக்குமான பொது அழைப்பு) என்று மூன்று முறை, 'டி.இ.' ('இன்னாரிடமிருந்து'), உங்கள் அழைப்புக்குறி இரண்டு அல்லது மூன்று முறை, கடைசியில் 'கே' ('அனுப்புங்கள்'). அவ்வளவே. இருபது முறை சி.க்யூ. அடித்துவிட்டுத் தன் பெயரை ஒரே ஒரு முறை சொல்பவருக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவுக்கு இசைவிக்கும் சோதனைகளை அலையை வெளியே விடாத டம்மி லோடில் செய்யுங்கள். பிறர் உரையாடல் நடுவே நீளமாக விசில் அடித்துக்கொண்டு சுருதி பார்ப்பது அநாகரிகம்.

முதல் உரையாடலில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: வணக்கம், அவருடைய சமிக்ஞையின் தரம், உங்கள் பெயர், ஊர். தரத்தை மூன்று இலக்கத்தில் சொல்வார்கள். புரியும் தன்மைக்கு ஐந்துக்கு, வலிமைக்கு ஒன்பதுக்கு, தொனியின் தூய்மைக்கு ஒன்பதுக்கு. போட்டிகளில் எல்லோருக்கும் 599 என்றே கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒன்பதுக்குப் பதில் 'என்' எழுத்தை அடித்து 5என்என் என்று சுருக்கியும் விடுவார்கள். சாதாரண உரையாடலில் அப்படிச் செய்யாதீர்கள். புதிய ஆன்டெனா கட்டியவர் உங்கள் வாயிலிருந்து உண்மையைத்தான் எதிர்பார்க்கிறார். 449 என்றால் 449 என்றே சொல்லுங்கள்.

தேவையான க்யூ குறிகள் பத்துக்குள் அடங்கும். இருப்பிடத்துக்கு க்யூ.டி.ஹெச்., பிற நிலையங்களின் குறுக்கீட்டுக்கு க்யூ.ஆர்.எம்., இடி மின்னல் இரைச்சலுக்கு க்யூ.ஆர்.என்., சமிக்ஞை ஏறி இறங்குவதற்கு க்யூ.எஸ்.பி., பெற்றுக்கொண்டேன் என்பதற்கு க்யூ.எஸ்.எல். உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது க்யூ.ஆர்.எஸ்.: 'மெதுவாக அனுப்புங்கள்'. அதை அடிக்கத் தயங்கவே தயங்காதீர்கள். நல்ல ஆபரேட்டர் அதைக் கேட்டதும் உங்கள் வேகத்துக்கு இறங்கி வருவார். விடைபெறும்போது 73, நல்வாழ்த்து என்று பொருள்.

அரிதான நாட்டிலிருந்து யாராவது ஒலித்தால் நூறு பேர் ஒரே நேரத்தில் மொய்ப்பார்கள். அப்போது அந்த நிலையம் 'யு.பி.' என்று அனுப்பினால், தான் ஒலிக்கும் இடத்தில் கேட்கவில்லை, சற்று மேலே கேட்கிறேன் என்று பொருள். அதைக் கவனிக்காமல் அவர் ஒலிக்கும் இடத்திலேயே அழைப்பவர்கள் எல்லோருடைய வேலையையும் கெடுக்கிறார்கள். அவர் கடைசியாக யாருக்குப் பதில் சொன்னார், அந்த ஆள் எந்த இடத்தில் அழைத்தார் என்று தேடிக் கண்டுபிடியுங்கள். 100 வாட் வைத்திருப்பவர் 400 வாட்காரரை முந்துவது இப்படித்தான்.

குரலில் பேசும்போதும் இதே ஒழுக்கம்தான். தமிழில் பேசலாம், அழைப்புக்குறியை மட்டும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற சர்வதேச ஒலிப்பெயர்களில் சொல்லுங்கள். சமிக்ஞையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டரில் ஒருவர் முடித்ததும் உடனே பொத்தானை அழுத்தாமல் இரண்டு நொடி விடுங்கள். அவசரச் செய்தியோடு யாரேனும் நுழைய அந்த இடைவெளிதான் வாசல். வியாபாரம், அரசியல், ரகசியக் குறியீடு, பாட்டு எதற்கும் ஹாம் அலையில் இடமில்லை.

லாக் புத்தகத்தை யு.டி.சி. நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். ஞாயிறு விடிகாலை 2 மணிக்குப் பேசியது லாக்கில் சனிக்கிழமை 20:30 ஆகும். தேதியும் மாறும் என்பதை மறந்தால், தொடர்பை உறுதிசெய்யும் க்யூ.எஸ்.எல். கார்டு பொருந்தாமல் போகும்.

ஆபத்து வேளை

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானுக்குப் போயிருந்தது. பல ஆண்டுகளாக ஒலிக்காத அந்தத் தீவுகளை உலக ஹாம்களுக்குக் கேட்கச் செய்வதே அவர்கள் போன நோக்கம். 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது, தொடர்புகள் அறுந்தன. போர்ட் பிளேரில் இருந்த அந்த நிலையம் அப்போதே அவசரச் செய்திகளைக் கொண்டுசெல்லத் தொடங்கியது. தமிழகக் கடற்கரையும் இலங்கையும் அன்று பட்ட பாட்டை அறிந்த நமக்கு, ஒரு பெயர், ஒரு ஊர், 'நலம்' என்ற ஒரு சொல் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

அப்படிப்பட்ட நாளில் உங்கள் ரிசீவரில் அவசர வலைத்தொடர்பு கேட்டால், முதலில் செய்ய வேண்டியது பேசாமல் இருப்பது. கேட்டுக்கொண்டே இருங்கள், கேட்பதை நேரத்தோடு எழுதுங்கள். நடத்துபவர் கூப்பிட்டால் மட்டும் பதில் கொடுங்கள். உங்களிடம் தரப்பட்ட செய்தியை உங்கள் சொல்லில் மாற்றாதீர்கள். வந்தபடியே அனுப்பி, எதிரிலுள்ளவரைத் திருப்பிச் சொல்லச் செய்து சரிபாருங்கள். எண்களை இரண்டு முறை சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டி' போர்வையும் 'ஃபிஃப்டீன்' போர்வையும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும்.

முதல் அழைப்புக்குப் பயப்படாத புதியவர் இல்லை. 8 சொல் வேகத்திலேயே அழையுங்கள். தடுமாறினால் எட்டுப் புள்ளி அடித்துவிட்டு அந்தச் சொல்லை மறுபடி அனுப்புங்கள். எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நீங்கள் 20 சொல்லைத் தாண்டிய பிறகு, பட்டையில் யாரோ ஒருவர் தட்டுத்தடுமாறி சி.க்யூ. அடிப்பது கேட்டால் கடந்து போய்விடாதீர்கள். அவருடைய வேகத்துக்கு இறங்கி, அவருக்குப் பதில் கொடுங்கள்.